பூச்சியமும் ஒன்றும் போதும் என்று கண்ட மேதை



பெரியோர் வரலாறுகளைப் படிக்கும்போது அவர்கள் அடைந்த வெற்றிகளையே நாம் பெரும்பாலும் காண்கிறோம். அவர்கள் செய்த கருவி பாதியில் நின்றுபோன நாளும், போட்ட கணக்குத் தவறிய நாளும் நம் கண்ணில் படுவதில்லை. இவ்வாண்டு நம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சியின்போது எங்கள் குழுவுக்கு நேர்ந்த ஓர் இக்கட்டுத்தான் ஒரு மேதையின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க எங்களைத் தூண்டியது. அந்த மேதை ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த காட்ஃபிரீட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ். இன்று உலகெங்கும் கணிப்பொறிகள் பயன்படுத்தும் இரும எண் முறையை ஒழுங்குபடுத்தி உலகுக்கு அளித்தவர் அவரே. அவருடைய வரலாற்றையும், அதனால் நாங்கள் கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

இளமைப் பருவம்

லைப்னிட்ஸ் 1646-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரில் பிறந்தார். முப்பதாண்டுப் போர் என்னும் கொடிய போர் முடிவுறாத காலம் அது. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டினரும் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட அப்போரினால் ஜெர்மனி முழுவதும் பாழடைந்து கிடந்தது. மனிதர் தங்கள் வேற்றுமைகளை வாளால் தீர்க்காமல் அறிவால் தீர்க்க வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுவதும் விரும்பியதற்கு, கண் விழித்ததும் கண்ட இந்த அழிவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருடைய தந்தை பிரீட்ரிக் லைப்னிட்ஸ் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியர். மகனுக்கு ஆறு வயது ஆகும்போதே அவர் இறந்துவிட்டார். தந்தை விட்டுச்சென்ற செல்வம் அவருடைய நூலகமே. தாயின் அரவணைப்பில் வளர்ந்த சிறுவன், அந்த நூலகத்தின் கதவு திறந்துவிடப்பட்டதும் அதற்குள் புகுந்துகொண்டான். படங்கள் நிறைந்த ஓர் இலத்தீன் வரலாற்று நூல் அவன் கைக்குக் கிடைத்தது. படத்தைப் பார்த்து அதன் கீழே உள்ள சொற்களின் பொருளை ஊகித்து, ஊகித்ததை அடுத்த பக்கத்தோடு ஒத்துப் பார்த்து, தானாகவே இலத்தீன் மொழியைக் கற்றுக்கொண்டான். பன்னிரண்டு வயதிற்குள் அம்மொழியை எளிதாகப் படிக்கலானான். கிரேக்க மொழியையும் கற்கத் தொடங்கினான்.

பதினான்கு வயதிலேயே, அதாவது நம்மில் பலர் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் வயதிலேயே, 1661-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சட்டம் பயின்றார். இருபது வயதில் முனைவர் பட்டம் பெற முயன்றபோது அப்பல்கலைக்கழகம் அதை வழங்க மறுத்துவிட்டது. மனம் தளராமல் அவர் ஆல்ட்டார்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1667-இல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். பேராசிரியர் பதவியும் அவரைத் தேடி வந்தது. ஆனால் அவருடைய ஆர்வமோ ஒரே வகுப்பறைக்குள் அடங்குவதாக இல்லை. அதை வேண்டாம் என்று கூறி, மைன்ஸ் நகரப் பேராயரும் ஆட்சியாளருமான யோகான் பிலிப்பிடம் பணியில் சேர்ந்தார். லூத்தரன் சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கத்தோலிக்கப் பேராயரிடம் பணிபுரிந்தது அக்காலத்தில் குறிப்பிடத்தக்க செய்தியாகும்.

பாரிசும் இலண்டனும்

1672-இல் அரசியல் பணியொன்றை முன்னிட்டு லைப்னிட்ஸ் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் படைகள் ஜெர்மனியின் மீது திரும்பாமல் எகிப்தை நோக்கிச் செல்லும்படி செய்வதே அப்பணி. அது நிறைவேறவில்லை. ஆயினும் பாரிசில் அவர் தங்கியிருந்த நான்கு ஆண்டுகள் உலக அறிவியலுக்குப் பெரும் பேறாக அமைந்தன. கிறிஸ்தியான் ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் அவருக்கு உயர் கணிதத்தின் வாயிலைத் திறந்துவிட்டார். 1675-இல் தொகை நுண்கணிதத்திற்கு உரிய, நீண்ட எஸ் எழுத்துப் போன்ற குறியீட்டை லைப்னிட்ஸ் முதன்முதலாக எழுதினார். மேல்நிலை வகுப்பில் நம் அக்காமார் இன்றும் அதே குறியீட்டைத்தான் எழுதுகின்றனர்.

அக்காலத்தில் அவர் உள்ளத்தை ஈர்த்த மற்றொன்று கணக்கிடும் எந்திரம். பிரான்சு நாட்டுப் பாஸ்கல் என்பவர் 1642-இல் செய்யத் தொடங்கிய எந்திரம் கூட்டவும் கழிக்கவும் வல்லது. லைப்னிட்ஸ் பெருக்கவும் வகுக்கவும் வல்ல எந்திரத்தைச் செய்ய விரும்பினார். கல்வியறிவுடையோர் தங்கள் பொன்னான நேரத்தைக் கூட்டல் பெருக்கலிலேயே வீணாக்கக் கூடாது என்பது அவர் கருத்து. அதற்காக அவர் ஒரு புதுவகை உருளையை வகுத்தார். அதன்மேல் ஒன்பது பற்கள் படிப்படியாக நீளம் கூடியவாறு அமைந்திருக்கும். பக்கத்திலுள்ள சிறு சக்கரத்தை உருளையின் மேல் எங்கே நிறுத்துகிறோமோ அதற்கேற்ப அத்தனைப் பற்கள் அதைத் தள்ளும். கைப்பிடியைப் பலமுறை சுற்றினால் பலமுறை கூட்டியதாகும். அதுவே பெருக்கல். இந்தப் படி உருளை பின்னர் வந்த கணக்கு எந்திரங்களில் இருபதாம் நூற்றாண்டு வரை பயன்பட்டது.

1673-இன் தொடக்கத்தில் அவர் இலண்டன் சென்று, இராயல் சொசைட்டி அறிஞர்கள் முன்னிலையில் எந்திரத்தின் மாதிரியைக் காட்டினார். அது முழுமை பெறாத மாதிரி. செவ்வையாக இயங்கவில்லை. கூடியிருந்தோரில் சிலர் குறை கூறினர். லைப்னிட்ஸ் அதை மறைக்க முயலாமல், நிறைவு செய்து காட்டுவதாக வாக்களித்தார். அவ்வாண்டிலேயே அச்சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த எந்திரத்தை நிறைவு செய்யும் முயற்சி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டே இலக்கங்கள்

1676-ஆம் ஆண்டின் இறுதியில் லைப்னிட்ஸ் ஹானோவர் நகரை அடைந்தார். அந்நாட்டுக் கோமகனிடம் நூலகராகவும் ஆலோசகராகவும் அமர்ந்தார். அங்கே 1679-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் அவர் இலத்தீன் மொழியில் எழுதிய ஒரு கையெழுத்துப்படியில் இரும எண் முறை விளக்கப்பட்டுள்ளது.

நாம் வழக்கமாகப் பயன்படுத்துவது பதின்ம எண் முறை. 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள் அதில் உண்டு. வலப்புறத்திலிருந்து இடப்புறம் செல்லச் செல்ல ஒவ்வோர் இடமும் பத்து மடங்காகிறது. நமக்குப் பத்து விரல்கள் இருப்பதால் இம்முறை இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் எண்ணுவதற்குப் பத்து இலக்கங்கள் வேண்டியதில்லை, 0, 1 என்னும் இரண்டே போதும் என்று லைப்னிட்ஸ் காட்டினார். இம்முறையில் ஒவ்வோர் இடமும் இரு மடங்காகிறது. வலப்புறத்திலிருந்து 1, 2, 4, 8, 16 என இடமதிப்புகள் வளரும். 1101 என்று எழுதினால் 8, 4, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அதாவது பதின்ம எண்ணில் 13.

இருமத்தைப் பதின்மமாக மாற்ற இன்னொரு வழியும் உண்டு. இடப்புற முதல் இலக்கத்திலிருந்து தொடங்கி, கையிலிருப்பதை இரட்டித்து அடுத்த இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும். 1011 என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் 1. அதை இரட்டித்து 0 கூட்டினால் 2. அதை இரட்டித்து 1 கூட்டினால் 5. மீண்டும் இரட்டித்து 1 கூட்டினால் 11. இடமதிப்பால் பார்த்தாலும் 8, 2, 1 சேர்ந்து 11 ஆகிறது. இரு வழிகளும் ஒரே விடையைத் தருகின்றன.

அதே கையெழுத்துப்படியில் ஓர் எந்திரத்தின் திட்டமும் காணப்படுகிறது. ஒரு பெட்டியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். திறந்த துளை 1, மூடிய துளை 0. திறந்த துளை வழியே கோலிகள் கீழே விழுந்து பள்ளங்களில் உருளும். ஒரே பள்ளத்தில் இரண்டு கோலிகள் சேர்ந்தால் ஒன்று அடுத்த பள்ளத்திற்குச் செல்ல வேண்டும். இந்த எந்திரம் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. மின்சாரம் இல்லாத அக்காலத்தில், ஓட்டமும் ஓட்டமின்மையும் கொண்டு கணக்கிடலாம் என்று ஒருவர் எண்ணியது வியப்பல்லவா?

இரண்டு இலக்கங்களைப் பற்றி அவருக்கு முன்பே எண்ணியவர்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் பிறந்த கத்தோலிக்க ஆயர் யுவான் காரமுவேல் 1670-இல் வெளியிட்ட கணித நூலில் இம்முறையைக் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் நான்கு வகைக் கணக்குகளையும் இதில் செய்து காட்டி, உலக அறிஞர் அனைவர்க்கும் பரப்பியவர் லைப்னிட்ஸே.

இம்முறையில் அவர் வெறும் கணக்கை மட்டும் காணவில்லை. இறைவன் ஒருவரே, அவர் ஒன்றுமில்லாமையிலிருந்து அனைத்தையும் படைத்தார் என்பது நம் விசுவாசம். அதுபோலவே ஒன்றும் பூச்சியமும் சேர்ந்து எண்கள் அனைத்தும் உண்டாகின்றன என்று அவர் உள்ளம் மகிழ்ந்தார். 1697-ஆம் ஆண்டுப் புத்தாண்டு வாழ்த்தாகப் பிரன்ஸ்விக் கோமகன் ருடால்ப் ஆகஸ்டுக்கு எழுதிய மடலில் இக்கருத்தை விளக்கினார். படைப்பின் சாயலாக இரும எண்களைப் பொறித்த பதக்கம் ஒன்றின் வரைபடத்தையும் கூறினார்.

சீனத்திலிருந்து வந்த மடல்

1689-இல் உரோமை நகரில் தங்கியிருந்தபோது லைப்னிட்ஸ் கிரிமால்டி என்னும் இயேசு சபைக் குருவைச் சந்தித்தார். சீனப் பேரரசர் காங்சியின் அரண்மனையில் வானியல் பணியாற்றியவர் அவர். அன்றுமுதல் சீனத்தைப் பற்றி அறியும் ஆவல் லைப்னிட்ஸ் உள்ளத்தில் வளர்ந்தது. 1697-இல் சீனச் செய்திகளைத் தொகுத்து ஒரு நூலும் வெளியிட்டார். அந்நூலைப் படித்து அவருக்கு மடல் எழுதியவர் ஜோவாக்கிம் பூவே என்னும் மற்றோர் இயேசு சபைக் குரு. பதினான்காம் லூயி மன்னன் 1685-இல் சீனத்திற்கு அனுப்பிய ஆறு கணித வல்லுநர்களுள் அருள்தந்தை பூவேயும் ஒருவர். பேரரசர் காங்சிக்குக் கணிதம் கற்பித்தவர்.

1701-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லைப்னிட்ஸ் தம் இரும எண் முறையை அருள்தந்தை பூவேக்கு விளக்கி எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அருள்தந்தை மறுமொழி எழுதினார். அம்மடல் கடல் கடந்து, 1703-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்தான் லைப்னிட்ஸ் கைக்கு வந்தது. ஒரு மடலுக்காக ஏறத்தாழ பதினேழு மாதம்! அதனுடன் பழஞ்சீன நூலாகிய ஈ சிங்கில் காணும் 64 உருவங்களின் வரைபடமும் இருந்தது. ஒவ்வோர் உருவத்திலும் ஆறு கோடுகள். சில முழுக் கோடுகள், சில நடுவே முறிந்த கோடுகள். முறிந்த கோட்டை 0 என்றும் முழுக் கோட்டை 1 என்றும் கொண்டால், அந்த வரைபடத்தில் 0 முதல் 63 வரை எண்கள் வரிசையாக அமைந்திருப்பதை இருவரும் கண்டு வியந்தனர். பழஞ்சீனர் அவற்றை எண்களாகக் கருதிக் கணக்கிடவில்லை என்பது பின்வந்த அறிஞர் முடிபு. ஆயினும் இரு வேறு நாட்டு அறிவு ஒன்றையொன்று கைகுலுக்கிய அந்த நாள் மறக்க முடியாதது.

அதன்பின் தாமதியாமல் லைப்னிட்ஸ் தம் கட்டுரையைப் பாரிஸ் அறிவியல் கழகத்திற்கு அனுப்பினார். கழகத்தின் 1703-ஆம் ஆண்டுத் தொகுதியில் அது இடம்பெற்றது. அதில் 0 முதல் 32 வரையுள்ள எண்களின் இரும வடிவங்கள் அட்டவணையாகத் தரப்பட்டுள்ளன. 1, 2, 4, 8, 16 என்னும் எடைக்கற்கள் சில இருந்தாலே பல எடைகளை நிறுக்கலாம் என்பதையும் அவர் அங்கே எடுத்துக் காட்டுகிறார். இந்த ஐந்து கற்களைக் கொண்டு 31 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். தோழியர் முயன்று பாருங்கள்.

எங்கள் கண்காட்சி

இனி எங்கள் கதைக்கு வருவோம். கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் இரும எண்ணைப் பதின்ம எண்ணாக மாற்றும் கணிப்பொறி நிரல் ஒன்றை எழுதினோம். பதின்மத்தை இருமமாக மாற்றும் மற்றொரு நிரலையும் எழுதினோம். எழுதியபின் சோதித்தோம். 1 கொடுத்தோம், 1 வந்தது. 11 கொடுத்தோம், 3 வந்தது. 101-க்கு 5, 111-க்கு 7, 1001-க்கு 9. எல்லாம் சரி. மேலும் உறுதி செய்துகொள்ள, ஒரு பதின்ம எண்ணை இருமமாக்கி, வந்த விடையை மீண்டும் பதின்மமாக்கினோம். புறப்பட்ட எண்ணே திரும்பி வந்தது. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. வண்ணத்தாளில் அழகிய எழுத்தில் தலைப்பெழுதி ஒட்டினோம்.

கண்காட்சி அன்று காலை ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வந்து 110 என்று அழுத்தினாள். திரையில் 3 என்று வந்தது. 110 என்றால் 4, 2 சேர்ந்து 6 அல்லவா அக்கா என்று கேட்டாள். எங்கள் முகம் வாடியது. நாங்கள் இடமதிப்பை வலப்புறத்திலிருந்து எண்ணாமல் இடப்புறத்திலிருந்து எண்ணியிருந்தோம். அப்படியானால் சோதனையில் ஏன் சரியாக வந்தது? 11, 101, 111, 1001 ஆகிய எண்களை மீண்டும் பாருங்கள். இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் அவை ஒன்றே. எங்கள் தவறு ஒளிந்துகொள்ள வசதியான எண்களையே நாங்கள் தேர்ந்தெடுத்திருந்தோம்!

திரும்பி வரும் சோதனையும் எங்களை ஏமாற்றியது. 6-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 0, 1, 1 என வரும். அவற்றைக் கீழிருந்து மேலாக 110 என்று எழுத வேண்டும். நாங்களோ வந்த வரிசையிலேயே 011 என்று எழுதிவிட்டோம். தலைகீழாக எழுதியதைத் தலைகீழாகவே படித்ததால் 6 திரும்பி வந்தது. இரண்டு தவறுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின.

நடுவர்கள் வர இன்னும் சிறிது நேரமே இருந்தது. அவர்கள் வரும்போது 5, 7, 9 ஆகிய விடைகள் வரும் எண்களை மட்டும் அழுத்திக் காட்டிவிடலாம் என்று எங்களுள் ஓர் எண்ணம் எழுந்தது. உண்மையைச் சொன்னால், சில நிமிடங்கள் நாங்கள் நால்வருமே அதற்கு இசைந்தோம். ஆனால் அந்தத் தங்கை இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபின் எங்களால் அவ்வாறு செய்ய முடியவில்லை. எங்கள் கணித ஆசிரியையிடம் சென்று நடந்ததைக் கூறினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நூலகத்திலிருந்து லைப்னிட்ஸ் வரலாற்றை எடுத்துத் தந்து, இலண்டனில் நடந்ததைப் படிக்கச் சொன்னார்.

நடுவர்கள் வந்தபோது நிரல் பிழையாக உள்ளது என்று எழுதிய அட்டையையே அவர்கள் முன் வைத்தோம். பிழை எப்படி ஒளிந்திருந்தது என்பதை விளக்கினோம். பரிசு கிடைக்கவில்லை. பிற்பகலில் நிரலைத் திருத்தினோம். இம்முறை எங்களுக்கு வசதியான எண்களால் சோதிக்கவில்லை. லைப்னிட்ஸ் அட்டவணையில் உள்ளவாறு 0 முதல் 32 வரை முப்பத்து மூன்று எண்களையும் தாளில் கையால் எழுதி, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். பின்பு 0011 என முன்னால் பூச்சியங்கள் வந்தால் 3 வருகிறதா என்று பார்த்தோம். 11111111-க்கு 255-உம், அதற்கடுத்த 100000000-க்கு 256-உம் வருகின்றனவா என்று பார்த்தோம். 102 என்று கொடுத்தால் இது இரும எண் அன்று என நிரல் மறுக்கிறதா என்றும் பார்த்தோம். முதலில் மறுக்கவில்லை, அதையும் திருத்தினோம். மாலையில் அந்தத் தங்கையை அழைத்து வந்து அவள் விரும்பிய எண்களையெல்லாம் அழுத்தச் சொன்னோம். எல்லாம் சரியாக வந்தன.

எந்திரத்தின் குறை

லைப்னிட்ஸ் எந்திரத்திற்கும் எங்கள் நிரலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அவர் பல ஆண்டுகள் உழைத்து, மிகுந்த பொருள் செலவிட்டு, எந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். பெரும்பாலான கணக்குகளுக்கு அது சரியான விடை தந்தது. ஆனால் 999 உடன் 1 கூட்டுவது போன்ற கணக்கில் ஓரிடத்து மிச்சம் அடுத்த இடத்திற்கும், அங்கிருந்து அதற்கடுத்த இடத்திற்கும் தொடர்ந்து செல்ல வேண்டுமல்லவா? அந்தத் தொடர் நகர்வு தானாக முழுமையாக நிகழவில்லை. பார்த்துக் கையால் தள்ளிவிட வேண்டியிருந்தது. எளிய எண்களால் மட்டும் சோதித்தால் இக்குறை வெளியே தெரியாது.

அவர் செய்வித்த எந்திரங்களுள் ஒன்று கெட்டிங்கன் பல்கலைக்கழகக் கட்டடத்தின் பரணில் நெடுங்காலம் மறந்து கிடந்தது. 1879-இல் கூரையைப் பழுது பார்க்கச் சென்ற தொழிலாளர் அதைக் கண்டெடுத்தனர். இன்று அது ஹானோவர் நகரில் அவர் பெயர் தாங்கிய நூலகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

அரசியரும் அறிஞரும்

பெண்களாகிய நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. லைப்னிட்ஸின் கருத்துகளைக் கேட்டும் வினவியும் வளர்த்தவர்களுள் இருவர் பெண்கள். ஹானோவர் கோமாட்டி சோபியா ஒருவர். அவர் மகளும் பிரஷ்யா நாட்டின் முதல் அரசியுமான சோபியா சார்லட் மற்றொருவர். ஹெரன்ஹவுசன் பூங்காவில் சோபியா கோமாட்டியார் முன்னிலையில் நடந்த உரையாடலின்போது, முற்றிலும் ஒன்றுபோல் உள்ள இரண்டு இலைகள் உலகில் இல்லை என்று லைப்னிட்ஸ் கூறினார். அதை மறுத்த ஒரு கனவான் பூங்கா முழுவதும் ஓடியாடித் தேடினார். அவரால் அப்படி இரண்டு இலைகளைக் காண முடியவில்லை. ஒரு கருத்தைக் கூறினால் அதைச் சோதித்துப் பார்க்கவும் இடம் கொடுத்தவர் லைப்னிட்ஸ்.

சோபியா சார்லட் அரசியின் ஆதரவால் 1700-இல் பெர்லின் நகரில் அறிவியல் கழகம் நிறுவப்பட்டது. லைப்னிட்ஸ் அதன் முதல் தலைவரானார். 1705-இல் அரசி இளவயதில் காலமானபோது அவர் ஆறாத் துயருற்றார். உலகில் தீமை இருக்க இறைவன் எவ்வாறு நல்லவராக இருக்க முடியும் என அரசியோடு உரையாடிய பொருளையே விரித்து 1710-இல் தியோடிசி என்னும் நூலாக வெளியிட்டார்.

பிளவுபட்ட கிறிஸ்தவ சபைகள் ஒன்றாக வேண்டும் என்பதும் அவருடைய பேராவல். அதற்காகப் பிரான்சு நாட்டு ஆயர் பொசுயேயுடன் பல ஆண்டுகள் மடல் வழியே உரையாடினார். அவர் காலத்தில் அம்முயற்சி கைகூடவில்லை. ஆயினும் பகைமை நிறைந்த அந்நாளில் இரு சாராரிடமும் நட்புடன் பேசியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

இறுதி நாட்கள்

அவருடைய இறுதி ஆண்டுகள் துயரம் நிறைந்தவை. நுண்கணிதத்தை முதலில் கண்டவர் யார் என்னும் வழக்கு அவரை வருத்தியது. இங்கிலாந்தில் நியூட்டன் அதை முன்னரே கண்டிருந்தார், ஆனால் வெளியிடவில்லை. லைப்னிட்ஸ் தாமாகவே கண்டு 1684-இல் வெளியிட்டார். 1712-இல் இராயல் சொசைட்டி நியூட்டன் பக்கம் தீர்ப்பளித்தது. அச்சங்கத்தின் தலைவராக அப்போது இருந்தவர் நியூட்டனே! தம் வழக்கில் தாமே நடுவராவது முறையோ? இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே இன்று அறிஞர் அனைவரும் ஒப்பும் முடிபு.

1714-இல் ஹானோவர் கோமகன் இங்கிலாந்து நாட்டின் மன்னர் முதலாம் ஜார்ஜ் ஆனார். லைப்னிட்ஸ் உடன் செல்ல விரும்பினார். அரச குடும்பத்தின் வரலாற்றை எழுதி முடிக்கும் வரை வரவேண்டாம் என்று மன்னர் கூறிவிட்டார். பல ஆண்டுகள் எழுதியும் அவ்வரலாறு 1005-ஆம் ஆண்டு வரைதான் வந்திருந்தது. 1716-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், எழுபது வயதில், ஹானோவரில் அவர் உயிர் நீத்தார். அரண்மனையைச் சேர்ந்த பெரியோர் அடக்கத்திற்கு வரவில்லை. அவருடைய செயலாளர் எக்கார்ட் உடனிருந்து கடமையாற்றினார். அவர் கல்லறை நெடுங்காலம் பெயர் பொறிக்கப்படாமலே இருந்தது.

ஆனால் அவர் எழுதிய தாள்கள் அழியவில்லை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பக்கங்கள் ஹானோவர் நூலகத்தில் உள்ளன. ஆயிரத்திற்கும் மேற்பட்டவர்களுடன் அவர் மடல் தொடர்பு கொண்டிருந்தார். அம்மடல்களை யுனெஸ்கோ நிறுவனம் 2007-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

அவர் மறைந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1941-இல் அவர் பிறந்த அதே நாட்டில் கொன்ராட் சூசே என்னும் பொறியாளர் இரும எண்ணால் இயங்கும் கணிப்பொறியைச் செய்தார். விசைப்பலகையில் பதின்ம எண்ணை அழுத்தினால் அது இருமமாக மாற்றிக் கணக்கிட்டு, விடையை மீண்டும் பதின்மமாக மாற்றி விளக்குகளில் காட்டியது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் கைப்பேசி வரை எல்லாக் கருவிகளிலும் அதே மாற்றம் நொடிக்கு நொடி நடந்துகொண்டே இருக்கிறது.

நாம் கற்பது

தோழியரே! மருத்துவமனையில் மருந்தின் அளவைக் கணக்கிடுவதும், வங்கியில் ஏழையின் சேமிப்பைக் கணக்கிடுவதும் இன்று இரும எண்களே. அங்கே 6 என்பது 3 ஆகிவிட்டால் ஒருவர் உயிரோ வாழ்வோ போய்விடும். ஆகவே நாம் செய்தது சரி என்று காட்டுவதற்காகச் சோதிப்பது சோதனை ஆகாது. எங்கே தவறியிருப்போம் என்று தேடுவதே சோதனை. நாம் ஒவ்வோர் இரவும் மன்றாட்டுக்கு முன் செய்யும் ஆன்ம சோதனையும் இத்தகையதன்றோ? நமக்கு வசதியான செயல்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் நாம் அனைவரும் புனிதர்களே. வலமிருந்தும் இடமிருந்தும் படிக்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

நடுவர்கள் முன் வைத்த அந்த அட்டையை நாங்கள் எறிந்துவிடவில்லை. ஆசிரியையின் இசைவுடன் அதைக் கணிப்பொறி அறைச் சுவரில் ஒட்டியுள்ளோம். அதன் அடியில் 0 முதல் 32 வரை உள்ள அட்டவணையை ஆறாம் வகுப்புத் தங்கை தன் கையாலேயே எழுதித் தந்திருக்கிறாள். அடுத்த ஆண்டு அந்த அறைக்கு வரும் தங்கையருக்கு அது பயன்படட்டும்.

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு